காசநோய் மாத்திரைத் தாளில் உள்ள கண் சொற்கள்: அப்பாவுக்குச் சிவப்பு வெளிறித் தெரிகிறது

செம்பனைக்காட்டு மகள் – திங்கள் இரவு

எல்லாருக்கும் வணக்கம். நாங்கள் மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்தில் இருக்கிறோம். அப்பாவுக்கு 56 வயது, செம்பனைக் குலை வெட்டும் வேலை. நுரையீரலில் காசநோய் என்று தெரிந்து மருந்து தொடங்கி 7 வாரம் முடிந்துவிட்டது. தினமும் காலையில் கிளினிக்குக்குப் போய் மிஸ்ஸி (நர்ஸ்) முன்னால் நின்று மாத்திரையை விழுங்க வேண்டும். மழை கொட்டினாலும் மோட்டார் சைக்கிளில் போய்விடுவார், ஒரு நாள்கூட விட்டதில்லை. இருமல் நின்றுவிட்டது. உடம்பிலும் 3 கிலோ ஏறியிருக்கிறது. அந்தத் தெம்பில் போன வாரம் வேலைக்குத் திரும்பினார்.

அங்கேதான் விஷயம் தெரிந்தது. சனிக்கிழமை சாயங்காலம் மண்டோர் (வேலை மேற்பார்வையாளர்) வீட்டுக்கே வந்துவிட்டார். "இத்தனை வருசமா வெட்டுறவரு, இன்னைக்கு 4 பழுக்காத குலையை இறக்கிட்டாரு, உடம்பு சரியாயிடுச்சா பாருங்க" என்று அம்மாவிடம் சொன்னார். திட்டவில்லை, அக்கறையாகத்தான் சொன்னார். தோட்டத்தில் இருப்பவர்களுக்குத் தெரியும், மரத்தடியில் பழம் உதிர்ந்திருக்கிறதா என்று பார்த்து, அப்புறம் அண்ணாந்து குலையின் நிறத்தைப் பார்த்துத்தான் அரிவாளைப் போடுவார்கள். கறுத்த காய் பழுத்தால் செம்மஞ்சளாகும். அப்பா சொல்கிறார், "மேலே பாத்தா எல்லாமே ஒரே பழுப்பாத் தெரியுது."

நேற்று நானே சோதித்துப் பார்த்தேன். அம்மாவின் குங்குமச் சிவப்புச் சேலையைக் காட்டினால் காவி என்கிறார். மின்சாரப் பில்லைக் கொடுத்தால் கையை முன்னும் பின்னும் நகர்த்திப் பார்த்துவிட்டு என்னிடமே தந்துவிடுகிறார். வலி இல்லை, கண் சிவக்கவும் இல்லை.

கிளினிக்கில் சொல்லுங்கள் என்றால் மறுக்கிறார். சொன்னால் மருந்தை நிறுத்திவிடுவார்கள், மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும் என்று பயம்.

அவருடைய மாத்திரையின் விளக்கத் தாளை இணையத்தில் தேடி எடுத்தேன். மலாயில் ஒன்று, ஆங்கிலத்தில் ஒன்று. நான் படிவம் 5 வரை படித்தவள், மலாய் நன்றாகவே புரியும். ஆனால் இந்தச் சொற்கள் எந்த மொழி என்றே தெரியவில்லை: நியூரைட்டிஸ் ஆப்டிக், ஸ்கோட்டோமா, கெத்தாஜாமான் பெங்லிஹாத்தான் குறைதல். பக்கத்தில் 'ஜாராங்' என்று போட்டிருக்கிறது. அரிது என்றால் அப்பாவுக்கு அது இருக்காது என்று எடுத்துக்கொள்ளலாமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். அப்பாவிடம் புரியும்படி சொல்லி அழைத்துப் போக வேண்டும்.

மருந்து மேசை 31 ஆண்டு – திங்கள் இரவு

தங்கச்சி, சொற்களுக்கு அப்புறம் வருகிறேன். காசநோய் மாத்திரையில் இருக்கும் எத்தாம்புட்டால் என்ற மருந்து கண்ணைப் பாதிக்கலாம், அதனால் முதலில் இதைச் செய்யுங்கள். நாளைக் காலை மிஸ்ஸி மாத்திரையைக் கையில் கொடுக்கும்போது, அதை விழுங்குவதற்கு முன்னால், இதைச் சொல்ல வேண்டும். நீங்களும் கூடப் போங்கள். "கண் மங்கலாக இருக்கிறது" என்று மட்டும் சொல்லாதீர்கள். "7 வாரமாக எத்தாம்புட்டால் சாப்பிடுகிறார், சிவப்பு நிறம் வெளிறித் தெரிகிறது, எழுத்து தெரியவில்லை, இரண்டு கண்ணிலும், வலி இல்லை" என்று இதே வரிசையில் சொல்லுங்கள். இன்றைக்கே டாக்டரைப் பார்க்க வேண்டும் என்று கேளுங்கள். அடுத்த அப்பாயிண்ட்மெண்ட் வரை காத்திருக்கும் விஷயம் அல்ல இது.

நான் அரசாங்கக் கிளினிக்குகளில் மருந்து கொடுக்கும் மேசையில் 31 ஆண்டு இருந்து ஓய்வு பெற்றவன். டாக்டர் அல்ல. ஆனால் எங்கள் பெரியண்ணன் கதையைச் சொன்னால் நான் ஏன் அவசரப்படுத்துகிறேன் என்று புரியும். அவரும் தோட்டத்து ஆள், ரப்பர் மரத்தில் பால் வெட்டியவர். அவருக்கும் காசநோய், அதே மருந்து. அப்போது நான் வேறு மாநிலத்தில் வேலையில் இருந்தேன். கண் சரியில்லை என்று போனவர் 'காபூர்' (மலாயில் மங்கல்) என்ற ஒரே சொல்லைச் சொல்லியிருக்கிறார். வயது, இனிப்பு நீர் (சர்க்கரை நோய்), எல்லாம் சேர்ந்து மங்கலாக்கும், கண்ணாடி போட்டுப் பாருங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். பட்டணத்தில் கண்ணாடி வாங்கினார். தெரியவில்லை என்று இன்னொன்று வாங்கினார். எனக்குச் செய்தி வந்தபோது 3 மாதம் போயிருந்தது. பின்னால் கொஞ்சம் பார்வை திரும்பியது, முழுசாகத் திரும்பவில்லை. கடைசி வரை என் முகத்தைப் பார்க்க அவர் தலையை லேசாகச் சாய்ப்பார், நடுவில் இருக்கும் மறைப்பை விலக்கி ஓரக்கண்ணால் பார்க்க.

அந்த மறைப்புக்குப் பெயர்தான் ஸ்கோட்டோமா. கிரேக்கத்தில் இருட்டு என்று பொருள் தரும் சொல்லிலிருந்து வந்தது. பார்க்கும் பரப்பில் ஓர் இடம் மட்டும் மறைந்தோ மங்கியோ போவது. சுற்றிலும் தெரியும், எதை நேராகப் பார்க்கிறோமோ அதுதான் தெரியாது. இந்த மருந்தால் வருவது பெரும்பாலும் நட்டநடுவில் வரும். அதனால்தான் அப்பா பில்லை நகர்த்தி நகர்த்திப் பார்க்கிறார் என்று நினைக்கிறேன், ஆனால் அதை டாக்டர்தான் உறுதி செய்ய வேண்டும்.

நியூரைட்டிஸ் ஆப்டிக் என்பது கண்ணிலிருந்து மூளைக்குப் போகும் பார்வை நரம்பில் வரும் கேடு. கேமரா நல்லாயிருந்தும் கம்பி கெட்டுப்போனால் படம் வராது இல்லையா, அதுபோலத்தான். அதனால்தான் எந்தக் கண்ணாடியும் இதற்கு உதவாது. கெத்தாஜாமான் என்றால் கூர்மை. எழுத்துப் பலகையில் எவ்வளவு சின்ன எழுத்து வரை படிக்க முடிகிறது என்பதுதான் பார்வைக் கூர்மை. நிறத்தைப் பிரித்தறிவது இன்னொரு கணக்கு. எத்தாம்புட்டாலில் சிலருக்குக் கூர்மை குறைவதற்கு முன்னாலேயே சிவப்பும் பச்சையும் கெட்டுப்போகும். கிளினிக்கில் புள்ளிப் புள்ளியாக எண் மறைந்திருக்கும் புத்தகம் காட்டுவார்களே, இஷிஹாரா என்ற ஜப்பானிய மருத்துவர் 1917இல் வெளியிட்டது, அது சிவப்பு–பச்சைக்கான சோதனை. எண் படிக்கத் தெரியாதவர்கள் விரலால் கோடு இழுத்துக் காட்டும் பக்கங்களும் அதில் உண்டு. அதைக் கேட்டு வாங்கிச் செய்யுங்கள்.

'ஜாராங்' என்ற சொல்லைப் பார்த்து ஆறுதல் அடையாதீர்கள். விளக்கத் தாள்களில் அதற்குப் பொதுவாக ஓர் அளவு உண்டு: 1,000 பேரில் ஒருவருக்கும் குறைவாக, 10,000 பேரில் ஒருவருக்காவது வருவது அரிது. 'பொது' என்றால் 100 பேரில் ஒருவர் முதல் 10 பேரில் ஒருவர் வரை. அது மருந்து சாப்பிடும் எல்லாரையும் சேர்த்து எண்ணிய கணக்கு. உங்கள் அப்பாவின் கண்ணைப் பற்றி அது எதுவும் சொல்லவில்லை. வந்துவிட்டவருக்கு அது வந்துவிட்டது, அவ்வளவுதான்.

இன்னொன்று கேட்க வேண்டும். அப்பாவுக்குக் கிட்னி எப்படி? இந்த மருந்து பெரும்பாலும் சிறுநீரகம் வழியாகத்தான் வெளியேறும். அங்கே சுணக்கம் இருந்தால் மருந்து உடம்பில் தங்கும், கண்ணுக்கு ஆபத்து கூடும்.

செம்பனைக்காட்டு மகள் – திங்கள் இரவு

ஐயா, படித்ததும் கை நடுங்குகிறது. அப்பாவுக்கு இனிப்பு நீர் 12 வருடமாக இருக்கிறது. போன வருட ரத்தப் பரிசோதனையில் கிட்னி கொஞ்சம் இறங்கியிருக்கிறது என்று சொன்னார்கள், உப்பைக் குறைக்கச் சொன்னார்கள். காசநோய்க்குச் சேர்ந்தபோது இதை யாரிடமும் சொன்னோமா என்று நினைவில்லை. சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போகிறதே, அதுவும் கிட்னியால்தானா? துண்டில் கண்ணைத் துடைத்தால் அதிலும் கறை படிகிறது.

மருந்து மேசை 31 ஆண்டு – திங்கள் இரவு

அந்தக் கறைக்குப் பயப்பட வேண்டாம். அது ரிஃபாம்பிசின் என்ற இன்னொரு மருந்தின் நிறம். சிறுநீர், வியர்வை, கண்ணீர் எல்லாம் செம்மஞ்சளாகும், கெடுதல் இல்லை. அப்பா விழுங்கும் மாத்திரையில் பெரும்பாலும் 4 மருந்து சேர்ந்திருக்கும்: ரிஃபாம்பிசின், ஐசோனியாசிட், பைராசினமைட், எத்தாம்புட்டால். அதனால்தான் நீங்களாக வீட்டில் நிறுத்துங்கள் என்று நான் சொல்லவில்லை. நிறுத்த வேண்டியது ஒன்று, தொடர வேண்டியது மூன்று. அதைப் பிரித்துக் கொடுக்க அவர்களால் முடியும். அப்பாவிடம் இதைத்தான் சொல்லுங்கள்: எத்தாம்புட்டாலை நிறுத்தினால் காசநோய் வைத்தியம் நின்றுபோகாது, முதலிலிருந்து தொடங்கவும் வேண்டாம். வழக்கமான 6 மாத வைத்தியத்தில் அது முதல் 2 மாதத்துக்குத்தான், அப்புறம் 2 மருந்துதான் ஓடும்.

கிட்னி விஷயத்தை நாளை மறக்காமல் சொல்லுங்கள். போன வருட ரத்தப் பரிசோதனைத் தாள் இருந்தால் எடுத்துப் போங்கள். ஐசோனியாசிட்டும் அபூர்வமாகப் பார்வை நரம்பைப் பாதிக்கும், அதையும் டாக்டர் கணக்கில் எடுப்பார்.

ரவாங் ரயில்காரன் – செவ்வாய் காலை

என் அனுபவம் வேறு, ஆனால் சொல் விஷயத்தில் ஒன்றுதான். எனக்கு வலிப்புக்குக் கார்பமாசெபின். அளவைக் கூட்டிய 2 வாரத்தில் ரோட்டுக் கோடு இரண்டாகத் தெரிந்தது. நானும் 'காபூர்' என்றுதான் சொன்னேன். ஒரு இளம் டாக்டர், "மங்கலா, இல்லை ரெண்டு ரெண்டாத் தெரியுதா?" என்று கேட்டார். ஒரு கண்ணை மூடச் சொன்னார், ஒன்றாகிவிட்டது. தாளில் டிப்ளோப்பியா என்று எழுதினார், அதாவது இரட்டைப் பார்வை. மலாய்த் தாளில் 'பெங்லிஹாத்தான் பெர்காண்டா' என்று இருக்கும். அளவைக் குறைத்ததும் 4 நாளில் போய்விட்டது. அதுவரை மோட்டார் சைக்கிளைத் தொடவில்லை. தங்கச்சி, அப்பாவையும் இப்போது ஓட்ட விடாதீர்கள்.

பத்து காஜா லூபஸ் அக்கா – செவ்வாய் மதியம்

நான் தமிழ்ப்பள்ளியில் ஆசிரியையாக இருந்தவள். லூபஸ் (உடம்பின் எதிர்ப்புச் சக்தி உடம்பையே தாக்கும் நோய்) என்ற நோய்க்காக 9 வருடமாக ஹைட்ராக்சிக்குளோரோகுயின் சாப்பிடுகிறேன், இடையிடையே பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மருந்து. இரண்டுமே கண்ணைத் தொடும் மருந்து. அதனால் இந்தச் சொற்களை ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன், பிள்ளைகளுக்கு அருஞ்சொற்பொருள் எழுதிக் கொடுத்த பழக்கம்.

நான் கவனித்தது, பாதிச் சொற்கள் 'ஒப்சியா' என்று முடியும். பார்வை என்ற பொருள் கொண்ட கிரேக்க ஒட்டு. முன்னால் இருக்கும் பகுதிதான் எப்படிப்பட்ட பார்வை என்று சொல்கிறது. சாந்தோப்சியா என்றால் எல்லாம் மஞ்சளாகத் தெரிவது. இதயத்துக்குக் கொடுக்கும் டிகாக்சின் உடம்பில் அதிகமானால் வரும், வந்தால் உடனே சொல்ல வேண்டும். சயனோப்சியா என்றால் நீலம் பூசினதுபோல் தெரிவது, ஆண்மைக் குறைவுக்குக் கொடுக்கும் சில்டெனாஃபில் சாப்பிடும் ஆண்கள் சிலருக்கு வரும், பெரும்பாலும் சில மணி நேரத்தில் போய்விடும். போட்டோப்சியா என்றால் இல்லாத மின்னல் கண்ணுக்குள் அடிப்பது. போட்டோஃபோபியா வேறு, வெளிச்சம் கூசுவது. இந்த இரண்டையும் நானே ஒரு முறை மாற்றிச் சொல்லி, தேவையில்லாத பரிசோதனைக்குப் போய் வந்தேன்.

மெட்டமார்ஃபோப்சியா என்ற நீளமான சொல்லை என் கண்ணாலேயே கற்றுக்கொண்டேன். பிரெட்னிசோலோன் கூட்டியிருந்த ஒரு மாதம், பேருந்தில் போகும்போது வெளியே ரப்பர் மர வரிசை தெரிந்தது. கயிறு கட்டி நட்ட வரிசை, ஒன்றன் பின் ஒன்றாக நேர்கோட்டில் ஓடும். அன்று அது நடுவில் உள்வாங்கி வளைந்து தெரிந்தது. வலக் கண்ணை மூடினால் வளைவு, இடக் கண்ணை மூடினால் நேர். அதையே அப்படியே சொன்னேன். ஸ்கேன் எடுத்து, விழித்திரையின் நடுப்பகுதிக்குக் கீழே நீர் தேங்கியிருக்கிறது, ஸ்டீராய்டால் இப்படி வரலாம் என்றார்கள். அளவைப் படிப்படியாகக் குறைத்தார்கள், வடிந்தது. ஸ்டீராய்டு கண்ணில் அழுத்தத்தையும் ஏற்றும், புரையும் வளர்க்கும். அழுத்தம் ஏறுவது பெரும்பாலும் நமக்கே தெரியாது, அளந்து பார்த்தால்தான் தெரியும்.

ஹைட்ராக்சிக்குளோரோகுயினுக்குத்தான் எனக்கு அதிகப் பயம் இருந்தது. 'ரெட்டினோபத்தி' என்று தாளில் பார்த்த அன்று தூங்கவில்லை. விழித்திரைக் கேடு என்று அர்த்தம். டாக்டர் உட்கார வைத்து விளக்கினார்: உடல் எடையில் கிலோவுக்கு ஒரு நாளைக்கு 5 மில்லிகிராமைத் தாண்டாமல் பார்த்துக்கொள்வோம், முதல் ஆண்டிலேயே ஒரு முறை கண்ணைச் சோதித்துவிட்டு, 5 ஆண்டு ஆனபின் வருடா வருடம் சோதிப்போம். கிட்னி பலவீனமானவர்களுக்கு இன்னும் முன்னதாகவே ஆரம்பிப்பார்கள். இதில் கேடு கண்ணுக்குத் தெரியும் முன்பே இயந்திரத்துக்குத் தெரிந்துவிடும். இப்போது வருடம் ஒரு முறை, தீபாவளி முடிந்த வாரத்தில், ஈப்போவுக்குப் போய்ச் சோதித்துவிட்டு வருகிறேன்.

தங்கச்சி, காலையில் போனீர்களா? ஒரு வார்த்தை எழுதுங்கள்.

செம்பனைக்காட்டு மகள் – செவ்வாய் இரவு

போனோம். இப்போதுதான் வீடு திரும்பினோம், அதனால்தான் தாமதம்.

ஐயா எழுதியதை ஒரு தாளில் மலாயில் எழுதி எடுத்துப் போனேன். மிஸ்ஸி மாத்திரையை நீட்டியபோது அப்பா என்னைப் பார்த்தார், நான் தாளைக் கொடுத்தேன். மிஸ்ஸி அதைப் படித்துவிட்டு மாத்திரையைத் திரும்ப டப்பாவில் போட்டு, "இங்கேயே உட்காருங்க, யாரும் போகாதீங்க" என்று உள்ளே போனார். 20 நிமிடத்தில் டாக்டர் கூப்பிட்டார். அந்தப் புள்ளிப் புத்தகத்தைக் காட்டினார்கள். அப்பா முதல் பக்கத்தில் 12 என்று சொன்னார். அதற்கப்புறம் ஒவ்வொரு பக்கமாகத் திருப்பத் திருப்ப, "எண் ஒண்ணும் இல்லையே" என்றார். எனக்கு அந்தப் பக்கங்களில் எண் பளிச்சென்று தெரிகிறது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த எனக்கு அழுகை வந்துவிட்டது. அவ்வளவு நாள் நாங்கள் ஒரே வீட்டில் வேறு வேறு சேலையைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறோம்.

அன்றே ஈப்போ பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். எத்தாம்புட்டாலை நிறுத்திவிட்டார்கள். மற்ற மருந்து நாளை முதல் தனித்தனியாகக் கொடுப்பார்கள். கிட்னிக்கு ரத்தம் எடுத்தார்கள், பழைய தாளைக் கொடுத்தது உதவியது என்று சொன்னார்கள். நிறுத்திய பிறகும் சில வாரம் இன்னும் கொஞ்சம் குறையலாம், பயந்துவிடாதீர்கள், பெரும்பாலானவர்களுக்கு மாதக் கணக்கில் மெல்லத் திரும்பும், ஆனால் உறுதி சொல்ல முடியாது என்று கண் டாக்டர் நேராகவே சொன்னார். அப்பா ஒன்றும் பேசவில்லை. வரும் வழியில்தான், "முன்னமே சொல்லியிருக்கணும்மா" என்றார்.

கார்டில் வலக் கண் 6/18, இடக் கண் 6/12 என்று எழுதியிருக்கிறது. இது மார்க்கா? எவ்வளவு வந்தால் நல்லது?

மருந்து மேசை 31 ஆண்டு – புதன் காலை

நீங்கள் போனது பெரிய நிம்மதி. நேற்று இரவு பலமுறை இந்தப் பக்கத்தைத் திறந்து பார்த்தேன்.

மார்க் அல்ல தங்கச்சி. மேலே உள்ள 6, பலகைக்கும் அவருக்கும் இடையே 6 மீட்டர். கீழே உள்ள 18, நல்ல கண் 18 மீட்டரில் நின்று படிக்கும் எழுத்தை இவர் 6 மீட்டருக்கு வந்தால்தான் படிக்கிறார் என்பது. கீழே உள்ள எண் குறையக் குறைய நல்லது, 6/6 என்றால் சரியான பார்வை. 6/18இல் கண்டுபிடித்தது நல்ல நேரம். என் அண்ணனை நான் அழைத்துப் போனபோது 6/60 என்று எழுதினார்கள், பலகையின் முதல் எழுத்து மட்டும்.

ஒரு நோட்டு போடுங்கள். வீட்டில் சிவப்பு மூடி போட்ட பாட்டில் ஒன்று இருக்கும். வாரம் ஒரு நாள், அதே ஜன்னலோரம், அதே நேரம், ஒவ்வொரு கண்ணாக மூடி, மூடி எப்படிப்பட்ட சிவப்பாகத் தெரிகிறது என்று அப்பாவின் வாயால் வரும் சொல்லையே எழுதுங்கள். காவி என்றால் காவி, பழுப்பு என்றால் பழுப்பு. அடுத்த அப்பாயிண்ட்மெண்ட்டுக்கு அதை எடுத்துப் போங்கள். இது சோதனைக்கு மாற்று அல்ல, ஆனால் 'காபூர்' என்பதைவிட டாக்டருக்கு அதிகம் சொல்லும். இடையில் சட்டென்று குறைந்தால் நோட்டை வைத்துக் காத்திருக்க வேண்டாம், உடனே போங்கள்.

கிளினிக் கார்டின் முன்பக்கத்தில் எத்தாம்புட்டாலால் கண் பாதிப்பு என்று பெரிதாக எழுதித் தரச் சொல்லுங்கள். பின்னாளில் வேறு ஊரில் வேறு டாக்டரைப் பார்த்தாலும் அது கண்ணில் பட வேண்டும். நோயாளிகளே பக்கவிளைவைப் பதிவு செய்ய மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் கான்சர்ஃப் என்ற படிவமும் இருக்கிறது, மருந்து மேசையில் கேட்டால் நிரப்ப உதவுவார்கள்.

செம்பனைக்காட்டு மகள் – புதன் இரவு

கார்டில் எழுதி வாங்கிவிட்டேன் ஐயா, சிவப்புப் பேனாவில் எழுதினார்கள். அம்மா பார்த்துவிட்டு, அவருக்கே தெரியாத நிறத்தில் எழுதியிருக்கிறார்களே என்றார், அதன் மேலேயே நான் கறுப்புப் பேனாவால் இன்னொரு முறை எழுதினேன்.

மண்டோரிடம் பேசினேன். கண் சரியாகும் வரை வெட்டு வேண்டாம், வண்டிப் பாதை ஓரத்தில் புல் வெட்டும் வேலை தருகிறேன் என்றார். அப்பாவுக்கு அது மனசுக்குக் கஷ்டம்தான், ஆனால் சரி என்று சொல்லிவிட்டார். இனிமேல் காலையில் கிளினிக்குக்கு நான்தான் ஏற்றிப் போகிறேன்.

தக்காளி சாஸ் பாட்டிலின் மூடியை எடுத்து வைத்திருக்கிறேன். இன்று முதல் வரி எழுதினேன். வலக் கண்: "பழைய செங்கல்." இடக் கண்: "புதுச் செங்கல்."